கோப்பு எந்த வட்டில்? லினக்ஸின் பதிலும் விண்டோஸின் பதிலும்

ஒரு கோப்பைத் திறந்து படிக்கிறவருக்கு அது எந்த வட்டில் கிடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. பாதையைச் சொன்னால் போதும், மற்றதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் சில வேலைகளில் அந்தத் திரையை விலக்கித்தான் ஆக வேண்டும். சர்வரில் நான்கு வட்டுகள் இருக்கின்றன, அதில் ஒன்று சாகப் போவதாக எச்சரிக்கை வருகிறது என்றால், டேட்டாபேஸ் கோப்பு அதில்தான் இருக்கிறதா என்று உடனே தெரிய வேண்டும். அசலும் பேக்கப்பும் ஒரே வட்டில் இருந்தால் அதைப் பேக்கப் என்று சொல்வதற்கில்லை. லினக்ஸ் மடிக்கணினியை ஹைபர்னேட் செய்கிறவர், நினைவகத்தில் இருந்ததை எழுதிவைக்கும் ஸ்வாப் கோப்பு எந்தச் சாதனத்தில், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கெர்னலுக்கு முன்கூட்டியே எண்ணாகக் கொடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் கணினி விழித்தெழும் அந்த நேரத்தில் கோப்பு முறைமையே மவுண்ட் ஆகியிருக்காது, பாதையைச் சொல்லிப் பயனில்லை.

கேள்வி ஒன்றுதான். ஆனால் லினக்ஸ் ஒருமையில் பதில் சொல்கிறது, விண்டோஸ் பன்மையில் சொல்கிறது. கையால் தோண்டிப் பார்க்கிறவருக்கு லினக்ஸ்தான் இனிது. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டது விண்டோஸ் என்பது என் கட்சி. லினக்ஸ் அன்பர்களுக்கு இது உவப்பாக இராது என்று தெரியும், அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

யூனிக்ஸில் எந்தக் கோப்பைப் பற்றியும் விவரம் கேட்க 'ஸ்டாட்' என்ற சிஸ்டம் கால் உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், நேரம் ஆகியவற்றோடு இரண்டு எண்களையும் அது தரும். ஒன்று கோப்பின் ஐநோடு எண், மற்றது அது இருக்கும் சாதனத்தின் எண். சாதன எண்ணுக்கு உள்ளேயே இரண்டு பகுதிகள். மேஜர் எண் எந்த டிரைவர் என்று சொல்லும், மைனர் எண் அந்த டிரைவரின் பொறுப்பில் உள்ளவற்றில் எது என்று சொல்லும். 1970-களின் பிடிபி-11 இயந்திரங்களில் ஓர் ஆர்கே05 வட்டின் கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட். ஒன்று நிரம்பினால் இன்னொன்றை மாட்டி, அதை மரத்தின் ஒரு கிளையில் மவுண்ட் செய்வார்கள். ஒரு வட்டுக்கு ஒரு கோப்பு முறைமை என்றிருந்த அந்தக் காலத்தில், சாதன எண் என்பது கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளின் எண்.

லினக்ஸ் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. அதோடு, எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க அருமையான படிக்கட்டு ஒன்றையும் கட்டியது. ஒரு கோப்பின் சாதன எண் 8:18 என்று வந்தால், '/சிஸ்/டெவ்/பிளாக்/8:18' என்ற இணைப்பைத் தொடர்ந்து போகலாம். 8 என்பது ஸ்கசி வகை வட்டுகளின் மேஜர் எண். ஒவ்வொரு வட்டுக்கும் 16 மைனர் எண்கள் ஒதுக்கப்படுவதால், 18 என்றால் இரண்டாவது வட்டின் இரண்டாவது பார்ட்டிஷன், அதாவது 'எஸ்டிபி2'. அந்த இணைப்பு காட்டும் பாதையைப் படித்தாலே வட்டு எந்த பிசிஐ தடத்தில், எந்தக் கன்ட்ரோலருக்கு அடியில் தொங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். பார்ட்டிஷனின் தாய்க் கோப்புறைதான் முழு வட்டு. அங்கே 'க்யூ' என்ற கோப்புறைக்குள் 'ரொட்டேஷனல்' என்ற சிறு கோப்பில் 1 என்றிருந்தால் சுழலும் வட்டு, 0 என்றிருந்தால் எஸ்எஸ்டி என்று எடுத்துக்கொள்ளலாம். நிர்வாகியின் அனுமதி எதுவும் வேண்டாம். நிரல் எழுதத் தெரியாதவரும் 'கேட்', 'எல்எஸ்' இரண்டையும் வைத்துக்கொண்டே வழியைக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு கூட வேண்டாம் என்றால் 'டிஎஃப்' கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், அல்லது 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளைக்குக் கொடுக்கலாம்.

விண்டோஸ் வந்த வழி வேறு. அங்கே சாதனம் கோப்பின் பெயரிலேயே இருந்தது. சிபி/எம் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. 'ஏ:' என்றால் முதல் ஃபிளாப்பி டிரைவ், 'பி:' என்றால் இரண்டாவது. 1983-இல் ஐபிஎம் எக்ஸ்டி 10 மெகாபைட் வன்வட்டோடு வந்தபோது அதற்கு 'சி:' கிடைத்தது. அந்த நாளில் இந்தக் கட்டுரையின் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பாதையின் முதல் எழுத்தைப் பார்த்தாலே விடை தெரியும்.

இன்று அந்த எழுத்து வெறும் பெயர். நம்மவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊரின் முதலெழுத்தைப் போல: அது பூர்வீகத்தைச் சொல்லும், இப்போது குடியிருக்கும் வீட்டைச் சொல்லாது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டி முதலே 'சி:' என்பது கெர்னலின் பொருள் மரத்தில் உள்ள ஒரு குறியீட்டு இணைப்புதான். அது '\டிவைஸ்\ஹார்ட்டிஸ்க்வால்யூம்3' போன்ற ஒரு பொருளைச் சுட்டும். டாஸ் காலத்து 'சப்ஸ்ட்' கட்டளையால் ஒரு சாதாரணக் கோப்புறைக்கே டிரைவ் எழுத்துக் கொடுத்துவிடலாம். விண்டோஸ் 2000 இன்னொரு படி போய், வேறொரு வால்யூமை 'சி:'-க்குள் ஒரு கோப்புறையாக மவுண்ட் செய்ய வழி தந்தது. 'சி:\தரவு\கணக்கு' என்ற கோப்பு உண்மையில் மூன்றாவது வட்டில் இருக்கக்கூடும் என்று ஆனது அப்போதுதான்.

எனவே விண்டோஸில் முறையாகக் கேட்பது பல படி வேலை. முதலில் 'கெட்வால்யூம்பாத்நேம்' என்ற செயற்கூறிடம் பாதையைக் கொடுத்து அந்தக் கோப்பு எந்த மவுண்ட் புள்ளிக்கு அடியில் வருகிறது என்று கேட்க வேண்டும். அந்தப் புள்ளியை வைத்து வால்யூமின் நிரந்தரப் பெயரைப் பெற வேண்டும். அது நெட்டை அடைமொழியுள்ள ஒரு ஜியுஐடி. பிறகு அந்த வால்யூமையே ஒரு கோப்பைப் போலத் திறந்து, 'வால்யூம் டிஸ்க் எக்ஸ்டென்ட்ஸ்' என்ற ஐஓ கட்டுப்பாட்டுக் குறியீட்டை அனுப்ப வேண்டும். இந்த வழியில் ஒரு பொறி உண்டு. பெயரைக் கேட்கும் செயற்கூறுக்கு இறுதியில் பின்சாய்கோடு இருந்தே ஆக வேண்டும். வால்யூமைத் திறக்கும்போதோ அந்தச் சாய்கோடு இருக்கவே கூடாது. இருந்தால் வால்யூமுக்குப் பதிலாக அதன் வேர்க் கோப்புறை திறந்துகொள்ளும், அடுத்த படி காரணம் சொல்லாமல் தோற்கும். இந்த ஒரு சாய்கோட்டில் மாலைப் பொழுதைத் தொலைக்காத விண்டோஸ் நிரலாளர் குறைவு. பவர்ஷெல் வந்த பிறகு பாடு எளிதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 'கெட்-வால்யூம்' கட்டளைக்குக் கோப்பின் பாதையைக் கொடுத்து, அதை 'கெட்-பார்ட்டிஷன்', 'கெட்-டிஸ்க்' என்று குழாய் வழியே அடுத்தடுத்து அனுப்பினால் முடிந்தது.

இதுவரை பார்த்தால் லினக்ஸுக்கே வெற்றி. ஒரே சிஸ்டம் காலில் எண், அடுத்த படியில் வட்டு. விண்டோஸில் நான்கு கதவு தட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் கடைசிக் கதவு திறந்ததும் கைக்கு வருவது என்ன என்று பார்க்க வேண்டும். அது ஓர் எண் இல்லை, ஒரு பட்டியல். பட்டியலில் எத்தனை துண்டுகள் என்பது முதலில் இருக்கும். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எண்ணுள்ள வட்டு, அதில் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற மூன்று தகவல்கள். ஒரு வால்யூம் இரண்டு வட்டுகளில் நீண்டு கிடந்தால் இரண்டு துண்டுகளும் வரும். ஒரு துண்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய நிரலுக்கு, இன்னும் தகவல் இருக்கிறது என்ற பிழைச் செய்தி கிடைக்கும். பல பழைய நிரல்கள் இந்த இடத்தில் இடறுகின்றன. ஒரு கோப்புக்கு ஒரு வட்டு என்று நிரலாளர் நினைத்துக்கொண்டதற்கு விண்டோஸ் பொறுப்பில்லை; அது முதலிலேயே பன்மையில்தான் பேசியது.

லினக்ஸில் அந்த நினைப்பு இயங்குதளத்துக்கு உள்ளேயே உறைந்திருக்கிறது. அதற்கு நல்ல சான்று பிடிஆர்எஃப்எஸ். 2009-இல் 2.6.29 கெர்னலோடு வந்த இந்தக் கோப்பு முறைமை, 2020-இல் ஃபெடோரா 33-இலிருந்து அதன் மேசைக்கணினிப் பதிப்பின் இயல்பான தேர்வு. பல வட்டுகளைத் தானே சேர்த்து ஒரே கோப்பு முறைமையாக்கக்கூடியது, ஒன்றுக்குள் பல துணை வால்யூம்களை வைத்துக்கொள்ளக்கூடியது. அதில் உள்ள ஒரு கோப்பை 'ஸ்டாட்' செய்தால் சாதன எண் 0:35 என்பதுபோல் வரும். மேஜர் எண் 0 என்றால் அப்படி ஒரு சாதனமே இல்லை என்று பொருள், கெர்னல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பெயரற்ற எண். '/சிஸ்/டெவ்/பிளாக்' கோப்புறையில் போய்த் தேடினால் 0:35 அங்கே இருக்காது. சரி, மவுண்ட் பட்டியலிலாவது அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்றால், '/ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோ' காட்டுவது வேறோர் எண். இரண்டும் பொருந்தாது.

பிடிஆர்எஃப்எஸ் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது? அதன் மேல் குற்றம் சொல்வதற்கு முன் யூனிக்ஸ் அந்த எண்ணிடம் என்ன வேலை வாங்கியது என்று பார்க்க வேண்டும். சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் சேர்ந்து ஒரு கோப்பை மற்ற எல்லாக் கோப்புகளிலிருந்தும் வேறுபடுத்தும் என்பது யூனிக்ஸ் தரும் வாக்கு. 'டார்', 'டியு', 'ஃபைண்ட்' எல்லாம் அந்த வாக்கை நம்பியே ஓடுகின்றன. ஹார்டு லிங்க் எது, ஏற்கெனவே எண்ணிய கோப்பு எது என்று அந்த இணையை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஐநோடு எண் ஒரு துணை வால்யூமுக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. இரண்டு துணை வால்யூம்களில் ஒரே ஐநோடு எண் இருப்பது அங்கே சாதாரணம். எனவே ஒவ்வொரு துணை வால்யூமுக்கும் ஒரு பொய்யான சாதன எண் கொடுத்தால்தான் வாக்குக் காப்பாற்றப்படும். ஒரே எண்ணுக்கு இரண்டு வேலை: 'நீ எந்தக் கோப்பு', 'நீ எங்கே இருக்கிறாய்'. இரண்டும் மோதும்போது அடையாளத்தைக் காப்பாற்றிவிட்டு இடத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். வேலையை இப்படிப் பிரிக்காமல் விட்டது 1970-களின் பிழை, பிடிஆர்எஃப்எஸ்ஸின் பிழை இல்லை. பிழை என்றும் சொல்லக் கூடாது, 2.5 மெகாபைட் வட்டுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

விண்டோஸ் இரண்டையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்தது. அடையாளத்துக்கு வால்யூமின் தொடர் எண்ணும் கோப்பின் குறியீட்டு எண்ணும். இடத்துக்கு மேலே சொன்ன எக்ஸ்டென்ட் பட்டியல். முதலாவதில் ஓட்டை இல்லாமல் இல்லை. வட்டை அப்படியே பிரதி எடுத்தால் இரண்டுக்கும் ஒரே தொடர் எண் வந்துவிடும். ஆனால் அடையாளம் குழம்பினாலும் இடம் குழம்புவதில்லை.

இந்த ஒருமை நினைப்பு எவ்வளவு தூரம் பாய்ந்திருக்கிறது என்பதற்கு லினக்ஸிலேயே இன்னும் இரண்டு உதாரணங்கள். சிஸ்டம்டியில் ஒரு சேவை வட்டை எவ்வளவு வேகமாகப் படிக்கலாம் என்று வரம்பு விதிக்கலாம். சாதனத்தின் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தாலும் போதும், அதற்கு அடியில் உள்ள வட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்கிறது அதன் ஆவணம். நம் கேள்வியேதான். பிடிஆர்எஃப்எஸ் என்றால் அந்த நிரல் தனி வழியில் போய் எத்தனை சாதனங்கள் என்று பார்க்கிறது. ஒன்றாக இருந்தால் அதைத் தருகிறது, ஒன்றுக்கு மேல் என்றால் விடை இல்லை என்று கையை விரித்துவிடுகிறது. மற்றது 'ஃபைமேப்'. ஒரு கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே கிடக்கின்றன என்று கேட்க 2008-இல் சேர்க்கப்பட்ட வசதி இது. 'ஃபைல்ஃப்ராக்' கட்டளை இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கம், நீளம் எல்லாம் உண்டு, எந்தச் சாதனம் என்று எழுத மட்டும் இடம் இல்லை. ஒன்றுதானே இருக்கும், எதற்கு எழுத வேண்டும் என்ற நினைப்பு.

இதனால் விளையும் தொல்லை ஏட்டளவில் நிற்பதில்லை. முதலில் சொன்ன ஹைபர்னேட் வேலைக்கே வருவோம். எக்ஸ்ட்4 முறைமையில் ஸ்வாப் கோப்பை 'ஃபைல்ஃப்ராக்' செய்து, முதல் துண்டின் இடத்தை எடுத்து, கெர்னலுக்குப் பூட் அளவுருவாகக் கொடுத்தால் கணினி ஒழுங்காக விழிக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் அதே கட்டளை தரும் எண் வட்டின் இடம் இல்லை, பிடிஆர்எஃப்எஸ் தனக்குள் வைத்திருக்கும் தருக்க முகவரி. அதைக் கொடுத்தால் கெர்னல் வேறெங்கோ போய்த் தேடும். பார்க்க ஒரே மாதிரி எண்கள், எச்சரிக்கை எதுவும் இல்லை. கடைசியில் சரியான இடத்தைச் சொல்வதற்கென்றே 'மேப்-ஸ்வாப்ஃபைல்' என்ற தனிக் கட்டளையைப் பிடிஆர்எஃப்எஸ் கருவிகளில் சேர்க்க வேண்டியிருந்தது.

விண்டோஸில் இதே வேலை இரண்டு படியாகப் பிரிகிறது. கோப்பின் துண்டுகள் வால்யூமுக்குள் எந்தெந்த கிளஸ்டரில் இருக்கின்றன என்று கோப்பு முறைமையிடம் கேட்கலாம். பிறகு வால்யூமின் அந்த இடம் உண்மையான வட்டில் எங்கே வருகிறது என்று வால்யூம் மேலாளரிடம் கேட்கலாம். இரண்டாவது பதிலும் ஒரு பட்டியல்தான். கண்ணாடி நகலாக இரண்டு வட்டில் எழுதப்படும் வால்யூம் என்றால், ஒரே துண்டுக்கு இரண்டு வட்டு எண்கள் வர அதில் இடம் வைத்திருக்கிறார்கள். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டது விண்டோஸ் என்று நான் சொன்னது இதை வைத்துத்தான். என்டிஎஃப்எஸ்ஸில் சில நூறு பைட்டே உள்ள குட்டிக் கோப்புக்கு முதல் கேள்வியிலேயே துண்டு எதுவும் இல்லை என்று வரும், பயப்பட வேண்டாம். அது தலைமைக் கோப்பு அட்டவணையின் பதிவுக்குள்ளேயே தங்கிவிட்டது, தனியாக இடம் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுக்குகள் கூடும்போது லினக்ஸ் மறுபடி மேலே வருகிறது. குறியாக்கம், எல்விஎம், மென்பொருள் ரெய்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினாலும், ஒவ்வொரு சாதனத்தின் கோப்புறையிலும் 'ஸ்லேவ்ஸ்' என்ற உட்கோப்புறை அதற்கு நேர் கீழே உள்ளவற்றைக் காட்டும். 'டிஎம்-1' என்பதிலிருந்து 'டிஎம்-0', அதிலிருந்து 'எஸ்டிஏ3' என்று இறங்கிக்கொண்டே போகலாம். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை அதை மரமாகவே வரைந்து காட்டும், தலைகீழாக வேண்டுமென்றாலும் காட்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸும் தன் எல்லா வட்டுகளையும் '/சிஸ்/எஃப்எஸ்' என்பதன் கீழ் பட்டியலிட்டு வைத்திருக்கிறது, தேடிப் போகத் தெரிந்தால். விண்டோஸிலோ ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதியால் பல வட்டுகளைச் சேர்த்துவிட்டால், எக்ஸ்டென்ட் பட்டியலில் வரும் 'வட்டு' ஒரு மெய்நிகர் வட்டு. அதற்குக் கீழே போக முற்றிலும் வேறொரு மேலாண்மை இடைமுகத்தை நாட வேண்டும். பன்மையை மதித்தவர்கள் இங்கே தொடர்ச்சியை விட்டுவிட்டார்கள்.

இரண்டு முறைகளும் ஒரே கணினியில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல்2. அதன் உள்ளே வீட்டுக் கோப்புறையில் ஒரு கோப்பை எடுத்து 'ஸ்டாட்' செய்தால் மேஜர் எண் 8 என்று நாகரிகமாக வரும். தொடர்ந்து போனால் ஒரு முழு வட்டு, மாதிரிப் பெயர் 'வர்ச்சுவல் டிஸ்க்'. லினக்ஸுக்கு அதோடு பாதை முடிந்துவிடும். அந்த வட்டு உண்மையில் விண்டோஸ் பக்கத்தில் 'எக்ஸ்ட்4.விஎச்டிஎக்ஸ்' என்ற கோப்பு. அதை எடுத்து விண்டோஸின் நான்கு கதவுகளைத் தட்டினால்தான் உண்மையான வட்டு கிடைக்கும். எதிர்த் திசையில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லினக்ஸ் உள்ளிருந்து விண்டோஸ் கோப்புகள் '/எம்என்டி/சி' என்ற கிளையில் தெரியும். அவற்றின் சாதன எண்ணுக்கு மேஜர் 0. எந்தச் சாதனம் என்று மவுண்ட் பட்டியலில் பார்த்தால், யூனிக்ஸ் வம்சத்தின் அந்த அட்டவணையில் சாதனத்துக்கான இடத்தில் 'சி:\' என்று எழுதியிருக்கும்.

வட்டு எண் கிடைத்துவிட்டாலும் கதை முடிந்ததாகாது. 'எஸ்டிபி' என்ற பெயரும், விண்டோஸ் சொல்லும் 'பிசிக்கல்டிரைவ்1' என்ற எண்ணும் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். அதை நம்பிப் பெட்டியைத் திறந்து இரண்டாவது வட்டைப் பிடுங்குகிறவர் நல்ல வட்டைப் பிடுங்கிவிட வாய்ப்புண்டு. வட்டின் மேல் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட தொடர் எண்தான் இறுதி. லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையிடமும் '/டெவ்/டிஸ்க்/பை-ஐடி' கோப்புறையிடமும் அதைக் கேட்கலாம், விண்டோஸில் 'கெட்-பிசிக்கல்டிஸ்க்' தரும். மேகக்கணினி என்றால் அந்தத் தொடர் எண்ணும் தாளில் இருப்பது இல்லை. அமேசானின் இபிஎஸ் வட்டு என்விஎம்இ சாதனமாகத் தெரியும்போது, தொடர் எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வால்யூமின் அடையாளக் குறியீடு வருகிறது. அது அமேசானின் எந்த அறையில் எந்த வட்டில் இருக்கிறது என்று உள்ளிருந்து கேட்க லினக்ஸிலும் கட்டளை கிடையாது, விண்டோஸிலும் கிடையாது.